ஸ்பார்ட்டாவையே மண்ணைக் கவ்வவைத்த ‘டம்மி’ படை... செல்போன் போர்க்களத்தில் ஜெயிப்பது எப்படி?

விரல் நுனியில் போர்க்களம்

போர் ஆரம்பித்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் ஒரு படையின் கொடி வெள்ளையாகிவிடும். கையில் சில எறியீட்டிகளும் பேருக்கு ஒரு சின்னக் கேடயமுமாக நின்ற ஆட்கள், எதிரியின் குதிரைகளுக்கு முன்னால் சிதறி ஓடுவார்கள். ‘இவங்களை எதுக்குத்தான் காசு கொடுத்துச் சேர்த்தோமோ’ என்று ஆடுபவர் தலையில் அடித்துக்கொள்வார். அடுத்த போருக்கு அந்தப் படையைச் சேர்க்கவே மாட்டார்.

‘ரோம்: டோட்டல் வார்’ ஆட ஆரம்பிக்கிற பலருக்கும் முதல் வாரம் இப்படித்தான் போகும். வெறுத்து ஒதுக்கப்படும் அந்தப் படையின் பெயர் பெல்டாஸ்ட். ரோமானியர் பக்கம் ஆடினால் அதே வேலையைச் செய்பவர்களுக்கு வெலைட்ஸ் என்று பெயர். எறியீட்டியை வீசிவிட்டு ஓடுவதுதான் இரண்டு பேருக்கும் தொழில்.

இந்த ஓட்டத்தைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அது தோற்று ஓடும் ஓட்டமல்ல. கபடியில் ரெய்டு போகிறவர் எதிரணியைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பி ஓடி வருகிறாரே, அந்த மாதிரி ஓட்டம். திரும்பி வந்தால்தான் புள்ளி. அங்கேயே நின்று மல்லுக்கட்டினால் அவுட்.

எந்த கேம் இது?

‘கிரியேட்டிவ் அசெம்ப்ளி’ நிறுவனம் 2004-ல் கம்ப்யூட்டருக்காக வெளியிட்ட விளையாட்டு இது. ‘ஃபெரல் இன்டராக்டிவ்’ நிறுவனம் இதை 2016-ல் ஐபேடுக்கும், 2018-ல் ஐபோன் மற்றும் ஆண்ட்ராய்டு போன்களுக்கும் கொண்டுவந்தது. காசு கொடுத்து வாங்கவேண்டிய ஆப்.

கதை கி.மு. 270-ல் தொடங்குகிறது. ஜூலி, புரூட்டி, சிப்பி என்ற மூன்று ரோமானியக் குடும்பங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் பிடிக்க வேண்டும். வரைபடத்தில் படையை நகர்த்துவது ஒரு பாதி. எதிரியைச் சந்தித்ததும் களத்தில் இறங்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் உத்தரவு கொடுத்துச் சண்டை போடுவது மறுபாதி. பெல்டாஸ்ட்டின் கதை அந்த இரண்டாவது பாதியில்தான் வருகிறது.

படைப்பிரிவின் விவர அட்டையைப் பார்த்தால் யாருக்கும் பெல்டாஸ்ட் மீது ஆசை வராது. நேருக்கு நேர் மோதும் பலம் குறைவு, தற்காப்பும் குறைவு. பக்கத்திலேயே கவசமும் நீண்ட ஈட்டியுமாக ஹாப்லைட் கம்பீரமாக நிற்பார். யாரைச் சேர்ப்போம்? ஹாப்லைட்டைத்தான். பழைய கிரேக்கர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஏழைகளின் படை

பெல்டே என்பது கிரேக்கத்தில் ஒரு சின்னக் கேடயத்தின் பெயர். எடை குறைவானது, பெரும்பாலும் பிறை வடிவில் இருக்கும். கிரீஸுக்கு வடக்கே இருந்த திரேஸ் நாட்டுக்காரர்கள் அதை ஏந்திச் சண்டை போட்டார்கள். அந்தக் கேடயத்தை வைத்துத்தான் பெல்டாஸ்ட் என்ற பெயரே வந்தது. எறியீட்டியின் நடுவே ஒரு தோல்வாரைச் சுற்றி, அதில் விரலை நுழைத்து வீசுவார்கள். வார் கொடுக்கும் உந்துதலில் ஈட்டி சுழன்றுகொண்டே கூடுதல் தூரம் போகும்.

ஹாப்லைட் என்பவர் பெரிய வட்டக் கேடயம், வெண்கலத் தலைக்கவசம், நீண்ட ஈட்டி எல்லாவற்றையும் பொதுவாகத் தன் சொந்தச் செலவில் வாங்கியாக வேண்டும். வசதி இருந்தவன் ஹாப்லைட் ஆனான். இல்லாதவன் இரண்டு மூன்று எறியீட்டிகளோடு வந்து ஓரத்தில் நின்றான். ரோமிலும் இதே கதைதான். வயதில் இளையவர்களும் கையில் காசில்லாதவர்களும்தான் வெலைட்ஸாகச் சேர்க்கப்பட்டார்கள். ‘நன்றாகச் சண்டை போடுவது யார் என்று அதிகாரிகளுக்குத் தூரத்திலிருந்தே தெரியட்டும்’ என்று அவர்களில் சிலர் தலைக்கவசத்தின் மேல் ஓநாய்த் தோலைப் போர்த்திக்கொண்டதாக வரலாற்று ஆசிரியர் பாலிபியஸ் எழுதியிருக்கிறார். பாராட்டு வாங்க அவர்கள் பட்ட பாடு அது!

தோற்றுக் கற்றுக்கொண்ட தளபதி

கி.மு. 426. ஏதென்ஸின் தளபதி டெமோஸ்தனிஸ், மலைப்பாங்கான ஏட்டோலியாவுக்குள் படையோடு நுழைந்தார். ‘ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் மலைவாசிகள்தானே, கவசம்கூடக் கிடையாது’ என்று நினைத்து, வரவேண்டிய கூடுதல் ஈட்டிப்படைக்குக் காத்திருக்காமல் கிளம்பிவிட்டார்.

ஏட்டோலியர்கள் மலைச்சரிவிலிருந்து இறங்கி வந்து ஈட்டி வீசினார்கள். ஏதென்ஸ் படை துரத்தினால் பின்வாங்கினார்கள். படை திரும்பினால் மறுபடி வந்தார்கள். ஏதென்ஸிடம் இருந்த வில்லாளிகளின் கையில் அம்பு இருந்தவரை சமாளிக்க முடிந்தது. வில்லாளிகளின் தலைவன் செத்து, அவர்கள் சிதறியதும் எல்லாம் முடிந்தது. வழிகாட்டியும் இறந்துபோனதால், ஓடியவர்கள் வழி தெரியாத ஓடைப்பள்ளங்களில் சிக்கினார்கள். காட்டுக்குள் புகுந்தவர்களைச் சுற்றித் தீ வைக்கப்பட்டது. ஏதென்ஸ் ஹாப்லைட்கள் சுமார் 120 பேர் மாண்டார்கள். டெமோஸ்தனிஸ் ஊர் திரும்பவே பயந்து, நௌபாக்டஸ் என்ற ஊர்ப் பக்கமே தங்கிவிட்டார்.

அந்த அடியை அவர் மறக்கவில்லை. அடுத்த ஆண்டே, கி.மு. 425-ல், பைலோஸ் அருகே ஸ்ஃபாக்டீரியா என்ற தீவில் ஸ்பார்ட்டாவின் 420 ஹாப்லைட்கள் முற்றுகையில் சிக்கினார்கள். நேருக்கு நேர் நின்றால் அவர்களை வெல்வது கஷ்டம் என்பது கிரீஸ் முழுக்கத் தெரிந்த விஷயம். டெமோஸ்தனிஸும் இன்னொரு தலைவர் கிளியோனும் நேருக்கு நேர் மோதவே இல்லை. சுமார் 800 வில்லாளிகள், அதே அளவு பெல்டாஸ்ட்கள், போதாததற்குக் கப்பல்களில் துடுப்பு வலித்தவர்கள் எனப் பலரையும் தீவில் இறக்கினார்கள். ஏறக்குறைய 200 பேர் கொண்ட கூட்டங்களாகப் பிரித்து மேடான இடங்களில் நிறுத்தினார்கள்.

ஏட்டோலியாவில் தான் வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்தார் டெமோஸ்தனிஸ். ஸ்பார்ட்டாக்காரர்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் முதுகில் அடி விழுந்தது. கடைசியில் உயிரோடு இருந்த 292 பேர் கேடயத்தைக் கீழே போட்டுச் சரணடைந்தார்கள். ஸ்பார்ட்டா வீரன் சரணடைவதா என்று கிரீஸே வாயடைத்துப்போனது. அன்று பறித்த கேடயங்களில் ஒன்று, ‘பைலோஸில் ஸ்பார்ட்டாக்காரர்களிடமிருந்து ஏதென்ஸ் எடுத்தது’ என்று பொருள்படும் எழுத்துகளோடு, ஏதென்ஸின் பழைய அகோரா அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

‘பூச்சாண்டி’ என்று சிரித்தவர்கள்

இவ்வளவு நடந்தும் ஸ்பார்ட்டாவின் இளக்காரம் போகவில்லை. அடுத்த தலைமுறையில் கொரிந்து நகரைச் சுற்றிப் போர் நடந்தபோது, ஸ்பார்ட்டாவின் கூட்டாளிகளான மாண்டினியா ஊர்க்காரர்கள் ஒருமுறை பெல்டாஸ்ட்களின் ஈட்டிக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் ஓடினார்கள். ‘குழந்தைங்க பூச்சாண்டிக்குப் பயப்படற மாதிரி பயப்படறாங்க’ என்கிற அர்த்தத்தில் ஸ்பார்ட்டாக்காரர்கள் அவர்களைக் கிண்டலடித்ததாக, அந்தக் காலத்தில் வாழ்ந்த செனஃபன் எழுதி வைத்திருக்கிறார்.

கி.மு. 390 வாக்கில் அந்தச் சிரிப்புக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. கொரிந்துக்குப் பக்கத்திலிருந்த லெக்கேயம் துறைமுகத்தில் ஸ்பார்ட்டாவின் படை ஒன்று தங்கியிருந்தது. திருவிழாவுக்குச் சொந்த ஊர் கிளம்பிய வீரர்களை வழியனுப்ப சுமார் 600 ஹாப்லைட்களும் குதிரைப்படையும் போனார்கள். கொரிந்தைத் தாண்டியதும் ஹாப்லைட்கள் மட்டும் திரும்பினார்கள். குதிரைகள் இன்னும் கொஞ்ச தூரம் துணைக்குப் போயின.

கொரிந்தின் மதிலிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் ஏதென்ஸின் இஃபிகிரட்டிஸும் காலியாஸும். குதிரை இல்லை. ஈட்டி வீசுபவர்களும் இல்லை. ஆளும் குறைவு. இன்னொரு கணக்கும் போட்டார்கள். ஹாப்லைட் கேடயத்தைப் பிடிப்பது இடக்கையில். இவர்கள் இந்தச் சாலையில் இப்படியே நடந்தால், கேடயம் மறைக்காத பக்கத்தில் ஈட்டி வீசலாம்!

காலியாஸின் ஹாப்லைட்கள் நகருக்கு அருகே துணையாக நிற்க, இஃபிகிரட்டிஸின் பெல்டாஸ்ட்கள் இறங்கினார்கள். அடிபட்ட ஸ்பார்ட்டா தளபதி, இளம் வீரர்களைத் துரத்தச் சொன்னார். கனமான கேடயத்தோடு ஓடியவர்களால் ஒருவரையும் பிடிக்க முடியவில்லை. மூச்சு வாங்கச் சிதறித் திரும்பும்போது மறுபடி ஈட்டி. இன்னும் கொஞ்சம் வயதில் மூத்தவர்களையும் சேர்த்துத் துரத்தச் சொன்னார். இழப்புதான் கூடியது. நடுவில் குதிரைப்படை வந்து சேர்ந்தது. ஆனால், அது பெல்டாஸ்ட்களை விரட்டிப் பிடிக்காமல் ஹாப்லைட்களோடு ஒரே வேகத்தில் ஓடி, ஒரே வேகத்தில் திரும்பியது. கடற்கரைக்கு அருகே ஒரு மேட்டில் ஒதுங்கிப் பார்த்தார்கள். அங்கும் விடவில்லை. காலியாஸின் ஹாப்லைட்களும் நெருங்கி வருவதைப் பார்த்ததும் வரிசை உடைந்தது. மொத்தம் சுமார் 250 பேர் மாண்டதாகச் சொல்கிறார் செனஃபன்.

மிச்சப் படையோடு ஊர் திரும்பிய ஸ்பார்ட்டா மன்னர் அகெசிலாஸ், வழியில் ஊர்களுக்குள் முடிந்தவரை தாமதமாக நுழைந்து, முடிந்தவரை சீக்கிரம் கிளம்பினார். மாண்டினியாவைக் கடக்க மட்டும் விடிவதற்கு முன்பே புறப்பட்டு, இருட்டோடு இருட்டாகத் தாண்டிப்போனார். அந்த ஊர் சிரிப்பதைத் தன் வீரர்கள் பார்க்க வேண்டாமே என்றுதான். ‘பூச்சாண்டி’ என்று கேலி செய்யப்பட்டது அந்த ஊர்க்காரர்களைத்தானே!

இனி செல்போனுக்கு வருவோம்

இந்த மூன்று போர்களிலும் இருக்கிற பாடம்தான் விளையாட்டிலும் வேலை செய்கிறது. பெல்டாஸ்ட் அல்லது வெலைட்ஸ் பிரிவு இரண்டோ மூன்றோ வைத்துக்கொண்டு இதை முயன்று பார்க்கலாம்.

1. முதலில் முன்னால், பிறகு ஓரத்தில். போர் தொடங்கும்போது ஈட்டிக்காரர்களை மெயின் வரிசைக்கு முன்னால் நிறுத்துங்கள். எதிரி நெருங்கும்போது முதல் வீச்சு விழட்டும். மோதலுக்கு முன்பே அவர்களை இரண்டு ஓரங்களுக்கும் விலக்கிவிடுங்கள். கடைசி நொடிவரை காத்திருந்தால், பின்னால் இருக்கும் சொந்தப் படைக்குள்ளேயே புகுந்து ஓடி வரிசையைக் குழப்பிவிடுவார்கள்.

2. ‘ஸ்கர்மிஷ்’ பொத்தானைக் கவனியுங்கள். இது ‘ஆன்’ ஆக இருந்தால், எதிரி நெருங்கியதும் பிரிவு தானாகவே பின்வாங்கும். திறந்த வெளியில் இது வரம். ஆனால், எதிரியின் முதுகுப் பக்கம் நிறுத்தி ஈட்டி வீசச் சொல்லும்போது இதை ‘ஆஃப்’ செய்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பக்கத்தில் யாராவது வந்ததும், வீசவேண்டிய நேரத்தில் ஓட ஆரம்பித்துவிடுவார்கள்.

3. வலப்பக்கம், இல்லாவிட்டால் முதுகு. லெக்கேயத்தின் ரகசியம் இந்த கேமுக்குள்ளும் இருக்கிறது. கேடயத்தின் பலன் முன்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும்தான் கிடைக்கும். அதனால் சுற்றிப் போக முடிந்தால் எதிரியின் வலப்பக்கமாகச் சுற்றுங்கள். நீண்ட ஈட்டிகளை நீட்டி நிற்கும் ஃபேலங்ஸ் வரிசை முன்னால் பார்த்தால் இரும்புச்சுவர். பின்னால் போய்விட்டால் வெறும் முதுகு.

4. ஈட்டிக் கணக்கு வையுங்கள். ஏட்டோலியாவில் வில்லாளிகள் இல்லாமல் போனதும் ஏதென்ஸ் படை கலைந்தது. விளையாட்டிலும் ஈட்டிகள் தீர்ந்துவிட்டால் பெல்டாஸ்ட் கையில் பெரிதாக ஒன்றுமில்லை. ‘ஃபயர் அட் வில்’ ஆனில் இருந்தால் கிடைத்தவர் மீதெல்லாம் வீசித் தீர்த்துவிடுவார்கள். அதை அணைத்துவிட்டு, கனமான காலாட்படைக்காகவும் எதிரித் தளபதிக்காகவும் ஈட்டியை மிச்சம் வையுங்கள். சொந்த ஆட்கள் மோதிக்கொண்டிருக்கும் இடத்தில் அவர்களுக்குப் பின்னால் இருந்து வீசாதீர்கள். நம் ஆட்கள் மீதும் விழும்.

5. ஜோடியாக ஆடுங்கள். ஒரு பிரிவு எதிரிக்கு முன்னால் போக்குக் காட்டட்டும். எதிரி அதைத் துரத்தக் கிளம்பினால் அவருடைய பக்கமோ முதுகோ இன்னொரு பிரிவுக்குத் திறந்துவிடும். அவர் இதன் பக்கம் திரும்பினால், முதல் பிரிவு வீசும். கபடியில் ஒருவர் கவனத்தை இழுக்க, மற்றவர் பாய்வது போலத்தான். கவசத்தோடு ஓடும் படை களைத்துப்போகும். களைத்த படை சண்டையில் தடுமாறும். சீக்கிரம் மனம் தளர்ந்து ஓடும்.

6. மேடு கிடைத்தால் விடாதீர்கள். ஸ்ஃபாக்டீரியாவில் செய்தது போல உயரமான இடத்தைப் பிடித்துக்கொண்டால், கீழே நிற்பவர் ஏறி வந்துதான் உங்களைத் தொட வேண்டும்.

இத்தனையையும் ஒரே நேரத்தில் ஒரு சின்னத் திரையில் எப்படிச் செய்வது என்று மலைக்க வேண்டாம். போரை நடுவில் நிறுத்திவைத்து உத்தரவு கொடுக்கும் வசதி இருக்கிறது. நிறுத்துங்கள், பாருங்கள், சொல்லுங்கள், ஓடவிடுங்கள். ஆரம்பத்தில் பத்து நொடிக்கு ஒருமுறை நிறுத்தினாலும் தப்பில்லை. போரைத் தானாக முடித்துவைக்கும் பொத்தானை மட்டும் இந்தப் படையோடு பயன்படுத்தாதீர்கள். பெல்டாஸ்ட்டின் பலமே நீங்கள் நகர்த்தும் விதத்தில்தான் இருக்கிறது. நீங்கள் நகர்த்தாவிட்டால் மிஞ்சுவது விவர அட்டையில் இருக்கும் அந்தச் சின்ன எண்கள் மட்டும்தான்.

யானை வந்தால்?

கார்த்தேஜ் யானைகளோடு வரும்போது புதியவர்கள் நடுங்கிப்போவார்கள். அங்கேயும் இந்த ஈட்டிக்காரர்கள்தான் கைகொடுப்பார்கள். கி.மு. 202-ல் ஜாமா போரில் ஹானிபல் 80-க்கும் மேற்பட்ட யானைகளை முன்வரிசையில் நிறுத்தினார். ரோமானியத் தளபதி சிப்பியோ தன் படைப்பிரிவுகளுக்கு இடையே சந்து சந்தாக இடைவெளி விட்டு, அந்தச் சந்துகளில் வெலைட்ஸை நிறுத்தினார். அவர்கள் ஈட்டி வீசிக்கொண்டே சந்துகளின் வழியாகப் பின்வாங்க, யானைகள் பலவும் அதே சந்துகளில் புகுந்தன. கொம்பொலியில் மிரண்ட சில யானைகள் கார்த்தேஜின் சொந்தக் குதிரைப்படை மீதே திரும்பின.

விளையாட்டிலும் அடிபட்ட யானைக்கு மதம் பிடிக்கும். அது யார் ஆள் என்று பார்க்காமல் மிதிக்கும். அதனால் தூரத்திலேயே, எதிரி வரிசைக்குப் பக்கத்தில் இருக்கும்போதே அதன் மீது வீச ஆரம்பிப்பது புத்திசாலித்தனம்.

எங்கே எடுபடாது?

எல்லா இடத்துக்கும் இந்த மருந்து ஒத்துவராது. திறந்த வெளியில் வேகமான குதிரைப்படை வந்தால் பெல்டாஸ்ட்டால் ஓடித் தப்ப முடியாது. அவர்களுக்குப் பக்கத்தில் ஈட்டியேந்திய காலாட்படை ஒன்றோ, சொந்தக் குதிரைகளோ கட்டாயம் இருக்க வேண்டும். வில்லாளிகளின் அம்பு எறியீட்டியைவிட அதிக தூரம் போகும். அவர்களோடு நின்று வீச்சுப் போட்டி போடக் கூடாது. குறுகலான தெருக்களில், கோட்டை வாசலில், ஓட இடமில்லாத மூலையில் இவர்களை மாட்டவிடவே கூடாது. ரெய்டு போகிறவருக்குத் திரும்பி வரக் கோடு வேண்டுமல்லவா?

லெக்கேயத்திலும் பெல்டாஸ்ட்கள் தனியாக ஜெயித்துவிடவில்லை. பின்னால் காலியாஸின் ஹாப்லைட்கள் நின்றார்கள். எதிரியின் வரிசை கடைசியாக உடைந்தது அவர்கள் நெருங்கியபோதுதான். கவசக்காரன் நங்கூரம், ஈட்டிக்காரன் அலை. இரண்டும் சேர்ந்தால்தான் போர்.

லெக்கேயத்தில் ஜெயித்த இஃபிகிரட்டிஸ் ஒரு செருப்புத் தைப்பவரின் மகன் என்று அந்தக் காலத்தில் பேசிக்கொண்டார்கள். பெரிய குடும்பத்துப் பின்னணி இல்லாத ஒரு தளபதி, கவசம் வாங்கக் காசில்லாதவர்களின் படையை வைத்து, கிரீஸின் பெருமைமிக்க படையைச் சாய்த்தார். எந்த ஆளுக்கு எந்த வேலை வரும் என்று பார்க்கத் தெரிந்திருந்தது அவருக்கு.

அடுத்த முறை படை சேர்க்கும் திரையில் பெல்டாஸ்ட்டின் அட்டை வந்தால், சட்டென்று தள்ளிவிட்டுப் போகாதீர்கள். இரண்டு பிரிவு சேர்த்துப் பாருங்கள். முதல் போரில் தோற்றாலும் பரவாயில்லை. டெமோஸ்தனிஸும் முதலில் தோற்றவர்தான்!